அக்கா குளிக்கும்போது மட்டும் அணைந்த சுடர்

அக்கா முதல் பிரசவத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. பிள்ளை பிறந்து அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள் முதல் அம்மா இரண்டு காரியங்களில் கறாராக இருந்தார். அக்கா தினமும் சுடுதண்ணீரில்தான் குளிக்க வேண்டும். அவள்மேல் காற்று படவே கூடாது.

முதலாவதற்கு, வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று குளியலறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதற்கு, அம்மா குளியலறைச் சன்னலை இறுக மூடி, இடுக்குகளில் பழைய சாரோங்கைக் கிழித்துத் திணித்து, அதற்கும் மேல் டேப் ஒட்டினார். அக்கா உள்ளே போனதும் கதவின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார்.

"இப்ப காத்து பட்டா நாப்பது வயசுல எலும்பு பேசும்" என்பது அவர் கட்சி.

ஹீட்டருக்குள் விரல்நுனி அளவில் ஒரு நீலச் சுடர் எந்நேரமும் எரியும். அதற்குப் பெயர் பைலட். குழாயைத் திறந்தால் பெரிய தீ அதிலிருந்துதான் பற்றிக்கொள்ளும். அது அணைந்தால் கேஸ் தானாக நின்று, தண்ணீர் ஜில்லென்று கொட்டும். எங்கள் வீட்டில் அது அணைந்துகொண்டே இருந்தது. அதுவும் அக்கா குளிக்கும்போது மட்டும். தலையில் நுரையோடு அவள், "மறுபடியும் அணைஞ்சிருச்சு!" என்று கத்துவாள். கதவுக்கு வெளியே காத்திருக்கும் நான் அந்தச் செய்தியை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

கிள்ளானிலிருந்து மாமா வரவழைக்கப்பட்டார். அம்மாவின் தம்பி. மேருவில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர்தான் என்றாலும், குடும்பத்தில் எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கைபட்ட சாமான்களில் பாதியாவது பிழைத்துக்கொண்டது காரணமாக இருக்கலாம்.

சனிக்கிழமை முழுக்க மாமா அந்த ஹீட்டரோடு மல்லுக்கு நின்றார். கேஸ் வரும் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். சுடரின் சூட்டை உணரும் செம்புக் கம்பியின் முனையை உப்புத்தாளால் தேய்த்தார். ரப்பர் குழாயைப் புதிதாக மாற்றினார். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தண்ணீரை ஓடவிட்டார். சுடர் அசையவில்லை.

"பாத்தியா, ராஜா மாதிரி நிக்குது" என்றார் என்னிடம்.

பிறகு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பத்தே நிமிடம், ராஜா காலி.

மாமாவுக்கு அக்கா மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "நீ பைப்ப வேகமா தொறக்கறியா ம்மா?"

"நான் ஒண்ணுமே பண்ணல மாமா. குளிச்சாலே தலவலி வேற."

"பிள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா.

ஞாயிறு காலை மாமா கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு உற்சாகமாக வந்தார். பைலட்டைப் பற்றவைக்கும்போது ஒரு குமிழை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அழுத்திய நிலையிலேயே அதைக் கம்பியால் கட்டிவிட்டால், செம்புக் கம்பி என்ன சொன்னாலும் கேஸ் நிற்காது. மாமா முக்காலிமேல் ஏறினார். நான் கீழே நின்று கம்பியை அளந்து கொடுத்தேன். உலகத்திலேயே கெட்டிக்காரர் என் மாமாதான் என்று எனக்குப் பெருமை.

அந்த நேரத்தில், எங்களுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து போடும் கேஸ் அண்ணன் புதுத் தோம்பைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்தார். அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாஸ், கம்பி எதுக்கு?"

மாமா தன் திட்டத்தை விளக்கினார். கேஸ் அண்ணன் உள்ளே வந்தார். சன்னலைப் பார்த்தார். டேப்பை விரலால் தடவினார். தரையில் கிடந்த துண்டைக் காலால் நகர்த்தினார். பிறகு கூடத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனார்.

"குளிக்கிறப்ப தல வலிக்குதா ம்மா?"

"ஆமாண்ணே. நேத்து கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

அவர் மாமாவின் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போனார். இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அடைச்சு வச்ச ரூம் லா, பாஸ்" என்பது மட்டும் காதில் விழுந்தது. 

உள்ளே வந்ததும் மாமா கம்பியை அவிழ்த்தார். கேஸை மூடினார். சன்னல் டேப்பை இழுத்துக் கிழித்து, சாரோங் துணியைப் பிடுங்கி எறிந்தார்.

"டேய், காத்து வரும்டா!" என்று அம்மா ஓடி வந்தார்.

"வரட்டும்க்கா" என்றார் மாமா. அம்மாவிடம் அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அதன்பிறகு அக்காவுக்கு அடுப்பில்தான் தண்ணீர் காய்ந்தது. அடுத்த வாரம் ஆள் வந்து ஹீட்டரைக் கழற்றி, பின்பக்கத் திறந்த மாடத்தில் மாட்டிவிட்டுப் போனார். பிறகு அது அணையவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஸ்ரீ கெம்பாங்கானில் நான் வாடகைக்குக் குடிபோன வீட்டில் ஹீட்டர் மாட்ட வந்தவர்தான் எனக்கு விவரம் சொன்னார். அடைத்த அறையில் ஹீட்டர் காற்றைத் தின்றுவிடும். அது விடும் நஞ்சுக்கு வாசனை கிடையாது. முதலில் தலை வலிக்கும், பிறகு கண் இருட்டும், விழுந்தவர் எழுந்திருக்கமாட்டார். காற்று குறையும்போது மனிதருக்கு முன்னால் சுடர் அணைய வேண்டும் என்றே சில ஹீட்டர்களை அப்படிச் செய்கிறார்கள். எங்கள் ஹீட்டரில் பழுதே இருந்திருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், கேஸ் அண்ணன் மாமாவை ஏசிவிட்டார் என்பதுதான். மாமாவைச் சமாதானப்படுத்த மைலோ கலக்கிக்கொண்டு போனேன். அவர் அதைத் தொடவில்லை. அக்காவின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, அக்கா எழுந்தால், நடந்தால், சிரித்தால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் கொடுக்க அவள் வாங்கினால் கொடுத்தார். முடிந்ததும் மறுபடி கையை நீட்டினார். சாயங்காலம் வரை இப்படியே நடந்தது.

மாமாவுக்குக் கைக்குழந்தை என்றால் இவ்வளவு ஆசையா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.