சித்திக்குக் குமட்டிய மூன்று வளைவுகள்

எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு நான் வரைந்த மலையில், அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரே மரம் முப்பது முறை நின்றது. டீச்சர் பார்த்துவிட்டு, "மேல போகப்போக காடு மாறும்மா. நேர்ல போய் இலை எடுத்துட்டு வா, மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புறேன்" என்றார். மாவட்டக் கண்காட்சி திருப்பத்தூரில். அங்கே போக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தி வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து ஏலகிரிக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். சித்தி அங்கே தோலைத் தரம் பிரிப்பவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை தேய்த்தால் போதும், தடிமனைச் சொல்லிவிடுவார். யாரிடமோ கெஞ்சி எனக்கும் ஒரு சீட் பிடித்தார்.

மலை ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் போய், வழியில் மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"ஏத்தத்துல நிறுத்துனா வண்டி பேஜார் பண்ணும் பாப்பா. மேல போய்தான் நிக்கும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில், "அண்ணே, வாந்தி வருதுண்ணே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வண்டி நின்றது. சித்தியின் தலையைப் பிடிக்க வேண்டிய நான் மரங்களைப் பார்த்து ஓடினேன். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது. இலைகள் உள்ளங்கையைவிட அகலம். ஏழாவது வளைவில் மறுபடியும் குமட்டல். அங்கே மரங்கள் உயரம் குறைந்து நெருங்கி நின்றன. பதின்மூன்றாவது வளைவில் மரங்கள் பஸ் கூரையைத் தாண்டவில்லை. கோணல் தண்டெல்லாம் பாசி, இலைகள் சின்னதாக, விறைப்பாக இருந்தன.

"இன்னாடி, மலைக்கு வர்ற மூஞ்சியா இது?" என்று பின்சீட்டுப் பெண்கள் சித்தியின் மேல் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் சித்தி மூன்று இலைகளையும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "இது ஷூவுக்கு உள்ள ஒட்டுற லைனிங். இது வெளித்தோலு, அப்பர். மேல எடுத்தது, யப்பா, சோலுக்கே போடலாம்!" அதையே இலைகளுக்குக் கீழே எழுதி ஒட்டினேன். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். மேலே குளிரும் காற்றும் ஜாஸ்தி, அதனால்தான் மரம் குட்டை, இலை தடிமன் என்று விளக்கிவிட்டு, என்னைத் திருப்பத்தூருக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு நடுவர், இலைகளை எப்படிச் சேகரித்தாய் என்று கேட்டார். "எங்க சித்திக்கு பஸ்ஸே ஒத்துக்காது சார், அது என் அதிர்ஷ்டம்" என்றேன். கூட்டத்தில் நின்றிருந்த சித்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இப்போது மலைக்காடுகளை அளப்பதுதான் என் பிழைப்பு. எந்த மலையில் வளைவு எண் பலகையைப் பார்த்தாலும் அன்று நாங்கள் இறங்கி வந்தது நினைவுக்கு வருகிறது. அதே பதினான்கு வளைவுகள். வண்டி இன்னும் வேகமாக வந்தது. மேலே வாங்கிய மிளகாய் பஜ்ஜியைத் தின்றபடி அடிவாரம் வரை ஜன்னலோரம் சொகுசாக உட்கார்ந்து வந்தார் சித்தி. அதில் பாதியைப் பிடுங்கித் தின்றவள் நான்தான்.