காய்ச்சல் பிரிவில் படுத்திருந்தவர்கள் கை தூக்கவும்

போன செவ்வாய்க்கிழமை தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். ஆதார் நகல் எடுக்கத்தான். நான் நான்தான் என்று நிரூபிப்பதிலேயே என் ஓய்வுக்காலத்தில் பாதி போய்விடும் போலிருக்கிறது!

வெளியே லேசான சாரல். குற்றாலம் பஸ்ஸுக்குத் துண்டும் எண்ணெய்ப் பாக்கெட்டுமாக ஒரு கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, என்னயத் தெரியுதா?"

திரும்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முகம் சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட நேரங்களில் சமாளிப்பதில் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே? "நல்லா இருக்கியாம்மா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று பொதுவாக ஒன்றை எடுத்துவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "கவுந்து படுங்க அண்ணாச்சி... மல்லாக்கப் படுத்தா ஆக்சிஜன் எறங்கிரும்."

அந்தக் குரல்!

கொரோனாவின் இரண்டாவது அலையில் நான் பதினோரு நாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். கட்டில் எண் ஆறு. ஆஸ்பத்திரி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்தப் பதினோரு நாளும் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் இவர். தலை முதல் கால் வரை அந்த வெள்ளைக் கவச உடை, ஆவி படிந்த கண்ணாடி, முதுகில் மார்க்கர் பேனாவால் 'இசக்கி' என்று பெயர். முகத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. குரல்தான் அடையாளம். அரை மணிக்கு ஒருதரம் வந்து "கவுந்து படுங்க" என்று அதட்டும். நான் முறைத்தால், "முறைக்கதுக்கு மூச்சு இருக்குல்லா? அப்பம் நல்லாத்தான் இருக்கிய" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும்.

இலத்தூர்க்காரர். முழுப்பெயர் இசக்கியம்மாள் என்பதே எனக்கு ஜெராக்ஸ் கடையில்தான் தெரிந்தது.

டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். இப்போது திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஷிப்டுக்குப் போய்ச் சேரமுடியும். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

"பிள்ள பக்கத்து வீட்டு அக்காவத்தான் அம்மான்னு கூப்பிடுதா. எனக்குப் பதிலா அவங்கதான அவளுக்குச் சோறு ஊட்டுதாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன்.

இலத்தூருக்குப் பக்கத்திலேயே ஒரு நர்ஸ் வேலை காலியாகியிருக்கிறது. நடந்தே போய்வரலாம். விண்ணப்பத்தில் ஒரு வரி... கொரோனா வார்டில் பணி செய்தவர்களுக்கு முன்னுரிமை. சான்று இணைக்கவேண்டும்.

"பெறகென்ன? ஒனக்கில்லாத முன்னுரிமையா?" என்றேன்.

இசக்கி ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பழைய ஆஸ்பத்திரி கொடுத்த அனுபவச் சான்றிதழ். 'பொது வார்டில் பணியாற்றினார்' என்று இருந்தது.

"கொரோனா வார்டுன்னு எழுதித் தாங்கன்னு மூணு தடவ போயிட்டேன் அண்ணாச்சி. நம்ம ஆஸ்பத்திரியில கொரோனா வார்டே கிடையாதேங்காங்க."

கிடையாதா? அப்புறம் நான் எங்கே படுத்திருந்தேன்? ஐந்தருவியிலா?

எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். "வாம்மா எங்கூட. சாட்சி நான் இருக்கேன்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி" என்று தயங்கினார் இசக்கி. ஏன் தயங்கினார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

ஆட்டோவில் போகும்போது கதையை வாங்கினேன். அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் அதிகம். கொரோனா என்று போர்டு வைத்தால் கர்ப்பிணிகள் வருவார்களா? அதனால் பின்பக்கம், ஜெனரேட்டர் ரூமுக்கு அடுத்து, தனி வாசல் வைத்து 'காய்ச்சல் பிரிவு' என்று ஒரு பலகை மாட்டினார்கள். அங்கே வேலை பார்த்த நான்கு நர்சுகள் முன்வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஊருக்கும் போகமுடியாது, தெருவில் விடமாட்டார்கள். மருந்து அட்டைப்பெட்டிகளை விரித்து அதன் மேலே இரண்டு மாதம் படுத்திருக்கிறார்கள். கடைசியில் இசக்கிக்கே தொற்றியது. அதே பிரிவில் ஒன்பது நாள் படுத்திருந்தார்.

வருகைப் பதிவேட்டில் அந்த ஒன்பது நாளுக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'விடுப்பு – சொந்தக் காரணம்.'

சொந்தக் காரணமாம்! அவர் என்ன மாமன் மகன் கல்யாணத்துக்கா போனார்? நோயாளியின் இருமலை முகத்தில் வாங்கி, மூச்சுக்குத் தவித்துக் கிடந்தது அவருடைய சொந்தக் காரணமா? எழுதின கைக்குக் கூசவில்லையா?

ஆஸ்பத்திரி மேனேஜர் எங்களை நன்றாகவே வரவேற்றார். மின்விசிறியை வேகமாக வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் பொங்கித் தீர்த்தேன். கைதட்டினோமே, தட்டு தட்டினோமே, விளக்கு ஏற்றினோமே, தேவதைகள் என்றோமே, அந்தத் தேவதைக்கு ஒரு வரி எழுதிக்கொடுக்க உங்களுக்குக் கை வராதா என்றெல்லாம் கேட்டேன். கடைசியாக மேசையைத் தட்டி, "நானே இங்கன கொரோனாவுல கெடந்தவன்தான்!" என்றேன்.

அவர் பதற்றப்படவில்லை. என் பெயரையும் மாதத்தையும் கேட்டார். கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரு பிரிண்ட் எடுத்து என் முன்னால் வைத்தார்.

என்னுடைய டிஸ்சார்ஜ் சம்மரி. நோய்: வைரல் காய்ச்சல், நுரையீரல் சளி.

"நீங்க கேட்டுத்தான சார் இப்படிப் போட்டோம்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மறந்துபோயிருந்தது என்று சொன்னால் பொய். மறக்கவேண்டும் என்று நினைத்து மறந்திருந்தேன்.

என் மகளுக்குச் செங்கோட்டையில் சம்பந்தம் பேசி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்த நேரம் அது. கொரோனா என்று எழுதினால் வாசலில் தகரம் அடிப்பார்கள். தெரு பார்க்கும், ஊர் பேசும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியும்... ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவரிடம் கெஞ்சினேன். "டாக்டர்ட்டச் சொல்லி, கொரோனான்னு மட்டும் போடாமப் பாத்துக்கோம்மா."

யாரிடம் கெஞ்சினேன்?

இசக்கியிடம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா அண்ணாச்சி. நாந்தான் டாக்டர்ட்டப் போய்ச் சொன்னேன். நீங்க மட்டுமில்ல... அந்த வார்டுல முக்காவாசிப் பேரு எங்கிட்ட அதத்தான் கேட்டாங்க. உசுரோட வீட்டுக்குப் போணுங்கதவிட அதத்தான் பெருசாக் கேட்டாங்க. பாவமா இருக்கும். போய்ச் சொல்லுவேன்."

ஆட்டோவில் ஏறும் முன்பு ஏன் தயங்கினார் என்பது இப்போது புரிந்தது. எனக்கு அவமானமாகிவிடக் கூடாதாம்! என்னத்தைச் சொல்ல?

ஆஸ்பத்திரிக்கு அது வசதியாகப் போயிற்று. எங்களுக்கும் வசதி. எல்லோருமாகச் சேர்ந்து கொரோனாவே வராத ஒரு கொரோனா வார்டை உண்டாக்கினோம். அதில் உண்மையாக உழைத்தது அந்த நான்கு பெண்கள் மட்டும்தான். இன்று காகிதத்தில் இல்லாமல் போனதும் அவர்கள் மட்டும்தான்.

"அப்பம் ஸ்கேன் எடுத்தீங்கள்லா? அந்த ரிப்போர்ட் இருக்கா?" என்று மேனேஜரே கேட்டார். இருந்தால் யோசிக்கலாமாம். வீட்டுக்குப் போன் போட்டேன். "அத அந்த வருசம் போகியிலயே எரிச்சாச்சுல்லா? நீங்கதான எரிக்கச் சொன்னிய?" என்றாள் என் மனைவி. வீட்டில் பத்து வருஷத்துக் கரண்டு பில் பத்திரமாக இருக்கிறது. எரிக்கவேண்டியதை மட்டும் கவனமாக எரித்திருக்கிறேன்.

நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எனக்கு வந்தது கொரோனாதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதைத் தொடவில்லை. "ஒரு ஆளு சொல்லி நாங்க ரெக்கார்ட மாத்த முடியாது சார். நாப்பது பேரு வந்து சொல்லட்டும், பாக்கலாம்." நாற்பது பேரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "நான் பத்திரிகையில எழுதுவேன்" என்றேன். "எழுதுங்க சார். ஆனா உங்க பேருதான் நாறும்" என்றார். அதுவும் சரிதான். நாறட்டும்.

வீட்டில்தான் பிரச்சினை. செங்கோட்டை சம்பந்தி வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர். அவர் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டால் மரியாதையாக இருக்காது என்று என் மனைவி சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தட்டுத்தடுமாறி விஷயத்தை உடைத்தாள். அந்தப் பக்கம் டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு மெதுவாக ஒரு குரல். "மைனி... எங்க இவுகளுக்கு அப்பம் டைபாய்டுன்னு சொன்னோம்லா? அது டைபாய்டு இல்ல மைனி."

நாங்கள் யாருக்குப் பயந்து மறைத்தோமோ, அவர்கள் எங்களுக்குப் பயந்து மறைத்திருக்கிறார்கள்! சிரித்துச் சிரித்து என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலத்தூரில் ஒரு குழந்தை பக்கத்து வீட்டு அக்காவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அந்தக் காய்ச்சல் பிரிவில் என்னோடு படுத்திருந்தவர்களே, உங்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள். எனக்குத் தெரியும். கட்டில் நான்கு, ஜவுளிக்கடை முதலாளி. கட்டில் ஒன்பது, ஆலங்குளத்து வாத்தியார். ஜன்னலோரம் படுத்துக்கொண்டு அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று தினமும் கேட்ட அண்ணாச்சி... உங்கள் பெயர்களை நான் எழுதமாட்டேன். நீங்களே சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி முன்வாசலில் நிற்பேன். முன்வாசலில்தான்... பின்வாசலில் இல்லை. மேனேஜர் நாற்பது பேர் கேட்டிருக்கிறார்.

இசக்கி, யாரும் வராவிட்டால் கீழே இருக்கிற இந்த மூன்று வரியை மட்டும் வெட்டி விண்ணப்பத்தில் ஒட்டிக்கொள் அம்மா. அதில் சீல் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

எனக்கு வந்தது கொரோனா.
என்னைப் பிழைக்கவைத்தவர் இலத்தூர் இசக்கியம்மாள்.
இப்படிக்கு, கட்டில் எண் ஆறு.