நரிக்கு வழி காட்டிய கொடிகள்

ஹம் நகரின் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிறிசில்லா, கோடை விடுமுறை வந்தால் வடதுருவத்துத் தீவொன்றுக்குப் போய்விடுவாள். காட்டு வாத்துகள் எங்கே குஞ்சு பொரிக்கின்றன என்று பதிவு செய்யும் தொண்டர் குழுவில் அவளும் ஒருத்தி. குஞ்சு பொரித்ததாகப் பதிவான இடத்துக்குத்தான் பாதுகாப்புக் கிடைக்கும்.

மூடுபனியில் கூடுகள் தவறிவிடக் கூடாதே என்று, இம்முறை ஒவ்வொரு கூட்டின் அருகிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணிக் கொடி கட்டினாள். அது அவளுடைய யோசனை. ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் குச்சிகள் நின்றன, முட்டைகளைக் காணவில்லை. குச்சிக்குக் குச்சி நரியின் காலடிகள் நேராகப் போயிருந்தன.

“அக்கா, நரிக்கு நீங்கள் மெனு கார்ட் எல்லோ வைச்சிருக்கிறியள்,” என்றான் கூட வந்த எசன் நகர மாணவன் துஷ்யந்தன். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “பகிடிக்குச் சொன்னனான், குறை நினையாதேங்கோ.”

“உண்மையைத்தானே சொல்லுறாய்.”

கடைசிக் குச்சியருகே ஒரு வாத்து மட்டும் இன்னும் அடைகாத்தது. கிட்டப் போனால் அது எழும்பிவிடும். குச்சியை அப்படியே விட்டால் நரி வரும்.

“என்ன செய்யப் போறியள், அக்கா?”

“கொடியை விட்டிட்டுப் போக ஏலாது.”

அவள் தவழ்ந்து போய்க் குச்சியைப் பிடுங்கினாள். வாத்து கத்திக்கொண்டு பறந்தது. இருவரும் விலகிப் பாறை மறைவில் காத்திருந்தார்கள். கூட்டுக்கு முதலில் வந்தது வாத்து அல்ல, முட்டை தின்னும் பெரிய கடற்காகம் ஒன்று.

அந்தத் தீவில் குஞ்சு பொரிக்கவில்லையென்று அவளே பதிவு செய்தாள்.