சந்தனம் வைத்த பிளாப்பிகள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். அதில் கை வைத்தால் ருசி போய்விடும்.

எண்பதுகளின் கடைசியில் அரூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். கூட்டுவது, துடைப்பது, பானையில் தண்ணீர் நிரப்புவது, டீ வாங்கி வருவது. அப்போதே தலை நரைத்துவிட்டதால் எல்லோருக்கும் நான் ஆயா. இன்ஸ்டிடியூட்டை நடத்தியவர் ஒரு பாய். தங்கமான மனிதர். கோபம் வந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், மறுபடி எடுத்துத் தலையில் வைப்பார். எத்தனை முறை அப்படிச் செய்கிறார் என்று பார்த்தால் கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அந்தப் பாய் ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்தார். பிள்ளை பெற்றவளை அழைத்துவருவது போல வாடகைக் காரில் மெத்தை போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். அதற்குத் தனி அறை, சன்னலுக்குத் திரை, தரைக்கு விரிப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாயே கால் கழுவிவிட்டுத்தான் போவார். ஒருமுறை தாசில்தார் ஆபீசிலிருந்து வந்த ஒருவர் ஷூவோடு நுழைந்துவிட்டார். நான் விளக்குமாற்றோடு குறுக்கே நின்றேன். அது வேறு கதை. அதைச் சொன்னால் இது முடியாது.

கம்ப்யூட்டரை ஓட்ட மொரப்பூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். சேலத்தில் ஆறு மாதம் படித்தவள். நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வாரத்துக்கு ஒருநாள் கறுப்பாக, சதுரமாக, அட்டை மாதிரி ஐந்து பிளாப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் எடுப்பாள். கம்ப்யூட்டரின் வயிற்றில் இருப்பதை அப்படியே இன்னொரு நகல் எடுத்து வைப்பது. எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

"அதான் உள்ளயே இருக்குதே பாப்பா. அப்புறம் எதுக்கு இன்னொன்னு?"

"ஏன் ஆயா, போன மாசம் வூட்டுச் சாவியத் தொலைச்சிட்டு ஓட்டப் பிரிச்சி எறங்கினது யாரு? நானா?"

நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலைக் கூட்டப் போய்விட்டேன்.

பேக்கப்பில் எனக்கும் வேலை கிடைத்தது. பக்கத்து அறையில் பிள்ளைகள் டைப் அடித்துக்கொண்டிருப்பார்கள். பாப்பா அவர்களையும் பார்க்க வேண்டும். அதனால் என்னை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவாள். சிவப்பு விளக்கு அணைந்து, திரையில் இரண்டு வரி வந்து நின்றால், பழைய பிளாப்பியை எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகி, கொக்கியைத் திருப்பிவிட வேண்டும். எனக்கு எழுத்துத்தான் தெரியாதே தவிர எண் தெரியும். எண் தெரியாமல் அரூர் பஸ் ஸ்டாண்டில் எப்படிப் பஸ் ஏறுவது? ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைப்பேன். கடைசியில் ஒரு விசையை அழுத்த வேண்டும்.

"எத அழுத்தறது?"

"எத வேணாலும் அழுத்துங்க. எந்த விசையா இருந்தாலும் பரவால்லைன்னுதான் போட்டிருக்குது."

எனக்கு அந்த மிசின்மேல் பிரியம் வந்தது அப்போதுதான். பாங்கில் இங்கே கைநாட்டு வை என்பார்கள், அங்கே வை என்பார்கள், தப்பாக வைத்தால் முறைப்பார்கள். இது ஒன்றுதான் உன் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் அழுத்து என்றது. எல்லாவற்றிலும் நீளமாக இருந்த விசையைத்தான் நான் அழுத்துவேன். கை நிறைய அழுத்தலாம்.

பாப்பாவிடம் இன்னொரு புரோகிராமும் இருந்தது. அதைப் போட்டால் திரையில் ஒரு மரம் தலைகீழாக நிற்கும். வேர் மேலே, கிளை கீழே. ஒவ்வொரு கிளையும் ஓர் அறை, அறைக்குள் ஃபைல்கள். ஒரு கிளையில் நின்றுகொண்டு, வேண்டாத ஃபைல்களுக்கு எல்லாம் குறி போட்டு, ஒரே அடியில் அழித்துவிடலாம். தக்காளிச் செடியில் களை பிடுங்குவது போல என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் களை பிடுங்கும்போது கையில் மண் ஒட்டும், எதைப் பிடுங்கினோம் என்று தெரியும். இதில் ஒன்றும் ஒட்டாது.

அந்தக் கம்ப்யூட்டரில் பெரிய வேலை என்று இருந்தது ஒரு புரபசருடைய புத்தகம்தான். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். சித்தேரி மலையில் இருக்கிற மூலிகைகளை எல்லாம் ஏழு வருஷமாகத் தேடிப்பிடித்து எழுதி வைத்திருந்தார். அதை டைப் அடித்து மெட்ராசில் யுனிவர்சிட்டியில் கொடுத்தால் டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று பாப்பா சொன்னாள். அப்படியென்றால் எதற்கு ஏழு வருஷம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கிவிட்டாராம். இந்த முறை வருகிற திங்கட்கிழமைதான் கடைசி. அதைத் தாண்டினால் ஏழு வருஷமும் வீண். மூன்று மாதத்தில் பாப்பா அடித்து முடித்திருந்தாள். பேப்பரில் பிரிண்ட் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

பாய் அதற்கெல்லாம் தடை சொல்ல மாட்டார். பொரியும் கடலையும் அவரேதான் வாங்கி வருவார். "மிசினுக்கு ஒருநாள் லீவு குடுக்கறது நல்லதுதான். நல்லாப் பண்ணுங்க ஆயா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் எல்லா டைப்ரைட்டருக்கும் பொட்டு வைத்தேன். கத்தரிக்கோலுக்கு, சுத்தியலுக்கு, பாயின் சைக்கிளுக்கு, டீ வாங்குகிற தூக்குக்குக்கூட வைத்தேன். கம்ப்யூட்டருக்கு நெற்றியில் பெரிதாகச் சந்தனம். அப்புறம் பிளாப்பிப் பெட்டி. பெட்டிக்கு மட்டும் வைத்தால் போதுமா? வேலை செய்கிறது உள்ளே இருக்கிற ஐந்து பேரும்தானே? ஒவ்வொன்றையும் வெள்ளை உறையிலிருந்து எடுத்தேன். பிளாப்பியின் கீழ்ப்பக்கம் நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அதற்குள் பளபளவென்று தெரியும். எனக்கு அது நெற்றி மாதிரியே இருந்தது. அதில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஊதி உலர்த்தி, பத்திரமாக உறைக்குள் போட்டேன்.

மறுநாள் விஜயதசமி. டைப் பழக ஆட்கள் சேருகிற நாள். இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சிலர் கம்ப்யூட்டரும் பழக வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு இடம் பண்ண, போன வருஷத்துப் பிள்ளைகளின் பழைய ஃபைல்களைப் பாப்பா அழிக்க உட்கார்ந்தாள். ஒருபக்கம் "அக்கா, ஃபாரம் குடுங்க", இன்னொரு பக்கம் "அக்கா, என் பேரத் தப்பா எழுதிட்டீங்க". அவள் தலைகீழ் மரத்தைப் போட்டாள், குறி போட்டாள், அழித்தாள், புதுப் பாட ஃபைல்களை அங்கேயே கொட்டினாள். பிறகுதான் பார்த்தாள். அவள் நின்றிருந்தது புரபசரின் கிளை.

"ஆயா" என்றாள். "சார் புக்கு போச்சி ஆயா."

அழித்ததை மீட்கிற புரோகிராம் ஒன்று இருந்ததாம். ஆனால் அழித்த இடத்தின்மேலேயே வேறு ஃபைல்களைப் போட்டுவிட்டதால் அதாலும் முடியவில்லை. சரி, அதற்குத்தானே பேக்கப் என்று முதல் பிளாப்பியைச் செருகினாள். மிசின் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. தொண்டையில் மீன் முள் மாட்டியவன் மாதிரி.

"என்னா சொல்லுது பாப்பா?"

"படிக்க முடியலயாம். விட்டுடறியா, மறுபடி பாக்கறியா, தோத்துட்டன்னு ஒத்துக்கறியான்னு கேக்குது."

வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாயும் எழுந்து வந்து என்னைப் பார்த்தார். தொப்பி மேசைக்குப் போனது.

"நெத்தி மாதிரி இருந்துச்சிங்க" என்றேன்.

தொப்பி தலைக்கு வந்தது, மறுபடி மேசைக்குப் போனது. நான் அதற்குமேல் பார்க்கவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துப் புரபசர், கையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பிரிண்ட் எடுக்க அவரே வாங்கி வந்த தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கையில எழுதினது இருக்குதுங்களே சார்?" என்றார் பாய்.

"இருக்குது பாய். அத அடிக்கவே மூணு மாசம் ஆச்சே. நமக்கு இருக்கறது ஆறு நாளு." அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பாய் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டார். மிசின் விற்ற கடை இன்ஜினியர் கன்னடக்காரர். பாய்க்குக் கன்னடம் நன்றாக வரும். "ஹௌதா? ஹௌதா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார், நாம் அப்படியா என்போமே, அது மாதிரி. போனை வைத்துவிட்டு ஒரு மாதிரியாக எங்களைப் பார்த்தார்.

"மொதல்ல மிசின் வாயில பஞ்சும் ஸ்பிரிட்டும் வெச்சித் தொடைக்கணுமாம். அப்புறம் பிளாப்பி மேலட்டைய பிளேடால கீறி, உள்ள இருக்கற வட்டத்த எடுத்து, தண்ணியில கழுவி, நெழல்ல காயவெச்சி, புது பிளாப்பியோட அட்டைக்குள்ள போடணுமாம். ஆனா வெரல் படக்கூடாதாம்."

"கழுவறதா?" என்றாள் பாப்பா.

"அப்படித்தான் சொல்றான். தைரியம் இருந்தா பண்ணுங்கன்றான்."

பாப்பா பிளேடை எடுத்தாள். மறுபடி கீழே வைத்துவிட்டாள். பாயின் விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் அளவு. புரபசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுவுகிற வேலைதானே? அந்த ஆபீசில் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு சீயக்காய்ப் பொட்டலத்தைத் தேடினேன்.

"ஐயோ ஆயா! அது தேய்ச்சா கீறல் உழுந்துடும்! சோப்புத் தண்ணி ஒரு சொட்டு போதும்."

நான் அட்டையைக் கீறியதும் உள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. அப்பளத்தைவிட மெல்லிசு. நடுவில் ஓட்டை. ஏழு வருஷம் மலை ஏறினது இதற்குள்ளா இருக்கிறது என்று எனக்கு நம்பவே முடியவில்லை. நடு ஓட்டையில் பென்சிலை விட்டுப் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டினேன். சந்தனம் சுலபமாகக் கரைந்தது. குங்குமம்தான் பிடிவாதம் பிடித்தது. பாய் வீட்டம்மா தந்த பழைய மல் துணியை நனைத்து, நடுவிலிருந்து வெளியே மெதுவாக ஒற்றினேன். குழந்தை கண்ணில் பீளை எடுப்போமே, அந்தப் பக்குவம்தான். தீர்த்தமலை ஈசனிடம் படி எல்லாம் கூட்டிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு போய்ப் பார்த்தபோதுதான் எத்தனை படி என்று தெரிந்தது. பாதி கூட்டினேன், மீதிக்கு மன்னிப்புக் கேட்டேன்.

தூசி பறக்கும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னேன். ஐந்து பென்சிலில் ஐந்து வட்டம். நான்கு பேரும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து அது காய்வதைப் பார்த்தோம். புது ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "கம்ப்யூட்டர் கிளாஸ்னா இதான் மொதப் பாடமாக்கா?" என்று ஒருவன் கேட்டான். பாய் ஒரு பார்வை பார்த்ததும் போய்விட்டான்.

மத்தியானம் பாப்பா மிசின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, முதல் வட்டத்தைப் புது அட்டைக்குள் விட்டுச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கரகரப்பு இல்லை. திரையில் ஒவ்வொரு வரியாக ஃபைல் பெயர்கள் ஏறத் தொடங்கின. பாப்பா சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். "ஒண்ணாம் அத்தியாயம் வந்துச்சி சார். ரெண்டு வந்துச்சி." புரபசர் எழுந்து நின்றார். இரண்டாம் பிளாப்பியும் ஓடியது. மூன்றாவது கொஞ்சம் முக்கியது, பாப்பா மறுபடி பார் என்பதை ஏழெட்டுத் தடவை அழுத்தியதும் ஓடியது. நான்காவதும் நல்லபடி. ஐந்தாவது அசையவே இல்லை. நான் எடுத்து இன்னொரு முறை கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். அப்போதும் இல்லை.

"அதுல என்னாம்மா இருந்துச்சி?" என்றார் புரபசர்.

பாப்பா திரையை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லா அத்தியாயமும் வந்துடுச்சி சார். மூலிகைப் பட்டியலும் இருக்குது. கடைசியா அடிச்சமே, நன்றியுரை. அது மட்டுந்தான் இல்ல."

புரபசர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "அது போவட்டும்! அத இப்பவே எழுதிடறேன்" என்று அந்தப் பெஞ்சிலேயே தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"ஆயா, உங்க பேரு என்னங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே சேர்ந்து ஐந்து வருஷம். யாரும் கேட்டதில்லை. பாயின் சம்பளச் சீட்டில்கூட ஆயா என்றுதான் இருக்கும்.

"எதுக்குங்க? போலீசுல குடுக்கவா?"

"புஸ்தகத்துல போடத்தாங்க."

சொன்னேன். சொல்லும்போது வெட்கமாகிவிட்டது, கல்யாணப் பெண் மாதிரி. அவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க, பாப்பா அடித்துவிட்டு எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். அவருடைய வாத்தியாருக்கு, வீட்டம்மாவுக்கு, சித்தேரி மலைக்காரர்களுக்கு, பாய்க்கு, பாப்பாவுக்கு எல்லாம் நன்றி. கடைசியில் என் பெயர், பிளாப்பிகளைக் கழுவிக் கொடுத்தவர் என்று.

"குங்குமம் வெச்சவருன்னும் சேத்துப் போடுங்க சார்" என்றார் பாய். தொப்பி தலையிலேயே இருந்தது.

இரண்டு நாள் பிரிண்டர் காது கிழியக் கத்தியது. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் பஸ்ஸில் புரபசரை ஏற்றிவிட்டோம். திங்கட்கிழமை சாயந்திரம் போன் செய்தார். வாங்கிக்கொண்டார்களாம். பாய் எல்லோருக்கும் பாதுஷா வாங்கித் தந்தார். நான் இரண்டு தின்றேன்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தால், பாப்பா புதுப் பிளாப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க ஆயா, பேக்கப் எடுத்துடலாம்" என்றாள். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, எம் பேரு எதுல வரும்?"

"அஞ்சாவதுல வரும் ஆயா."

"அத மட்டும் ரெண்டு எடுத்து வை."