வைரத் தரகராக நடித்த தையல்காரர்

தையல்காரருக்கு மேடையில் கோபப்பட வராது. நாடகக் குழுவில் தபால்காரர், மாப்பிள்ளையின் மாமா, கூட்டத்தில் ஒருவர் என்று காலம் தள்ளியவரை, வைர நாடகத்தில் தரகராகப் போட்டார் டைரக்டர். நாடகத்தின் கதைப்படி, எங்கோ ஒரு தேசத்தில் துப்பாக்கிக்காரர்கள் ஊர் ஜனங்களை ஆற்றில் இறக்கி மணல் சலிக்க வைக்கிறார்கள். கிடைக்கிற வைரத்தை விற்று இன்னும் துப்பாக்கி வாங்குகிறார்கள். கரையேறுகிறவர்கள் கல்லை ஒளித்திருக்கிறார்களா என்று தரகர் சோதிக்க வேண்டும்.

ஒத்திகையில் தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தார். "கத்தாதீங்கண்ணே. கடையில எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க" என்றார் டைரக்டர். அவரும் பேசினார்: "கொஞ்சம் கையைத் தூக்குங்கம்மா. அவ்வளவுதான். மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க."

முதல் நாள் அந்த இடத்தில் அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. உடைகளோடு மேடையோரம் நின்ற அவர் மனைவி, முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி வைர மோதிரக் கையைக் கைப்பைக்கு அடியில் நகர்த்துவதைப் பார்த்தாள். பத்திரிகை விமர்சகர் நாடகத்தின் பின்பாதியைப் பிரசங்கம் என்று வாரியிருந்தார். ஆனால், 'துப்பாக்கிக்காரர்களைப் பார்த்து நான் பயப்படவில்லை. மரியாதையாகப் பேசிய தரகரைப் பார்த்துத்தான் பயந்தேன்' என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் பெரிதாக எழுதி அரங்க வாசலில் ஒட்டினார் டைரக்டர். கூட்டம் கூடியது.

வினை கடைக்கு வந்தது. நாடகம் பார்த்துவிட்டு வந்த வாடிக்கைக்கார டீச்சர் ஒருவர், வழக்கம்போல அளவுக்கு நின்றார். "கொஞ்சம் கையைத் தூக்குங்கம்மா" என்றார் தையல்காரர். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பழைய அளவே போதும் என்று வாசலுக்கு நடந்துவிட்டார். மற்றவர்களும் அளவுச் சட்டையை மேஜையில் வைத்துவிட்டு நழுவினார்கள். பிறகு அதுவும் குறைந்தது. மனைவியின் தம்பி வேறு, "என்ன அத்தான், இன்னிக்கு எத்தனை கல்லு தேறுச்சு?" என்று கேட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தையல்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அளவெடுக்கையில் வாயே திறப்பதில்லை. தன் கைகளை முதலில் தூக்கிக் காட்டுவார். எதிரே நிற்பவரின் கையும் தானாக எழும். வேலை நடந்தது.

ஆனால் கைக்கு அது பழகிப்போனது. அடுத்த முறை நாடகம் போட்டபோது, மணல் சலித்த பெண் எதிரே வந்து நின்றதும் தரகரின் கைகள் இரண்டும் முதலில் மேலே போயின. போலீசைக் கண்ட திருடன் மாதிரி நின்றார். யாரோ களுக்கென்று சிரிக்க, அரங்கமே சிரித்தது.

மறுநாள் டீச்சர் துணியோடு வந்தார். "நேத்து மறுபடி வந்து பார்த்தேன். பயமெல்லாம் போயிடுச்சு. இனிமே இப்படியே நடிங்க."

கடைக்கு அது நல்ல சேதி. அவருக்கோ மதியச் சோறு இறங்கவில்லை.

"அந்த இடத்துல சிரிப்பு வரக் கூடாது" என்றார் மனைவியிடம். "அந்தப் பொண்ணு நிக்கிற நிலைமை என்ன, நான் பண்ணின கூத்து என்ன. ஒழுங்கா நடிச்சா கடை போகுது. வேஷத்தை விட்டுடவா?"

கடைசி மெஷினுக்குப் பின்னால் தலை நிமிராமல் பொத்தான் தைத்தே பழகியவள் அவள். வாடிக்கைக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சிவந்துவிடும். நூலைக் கடித்து அறுத்தாள். எழுந்து வந்து, அவர் கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க அங்க பேசுங்க. இங்க நான் பேசிக்கிறேன்."

அடுத்த முறை மேடையில் தரகரின் கைகள் கீழேயே இருந்தன. குரல் மட்டும் மெதுவாக எழுந்தது. அரங்கம் பழையபடி மூச்சடக்கிக்கொண்டது.

மறுநாள் காலை முதல் ஆள் அளவுக்கு வந்து நின்றார். அவள் வாயைத் திறந்து பார்த்தாள், பேச்சு வரவில்லை. இன்னொரு முறை முயன்றபோது, கூச்சமெல்லாம் சேர்ந்து அதட்டலாக வெளியே வந்தது.

"ம், கையைத் தூக்குங்க."

வந்தவர் சட்டென்று தூக்கினார். உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த வைரத் தரகரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.