நான் அழித்த சிவப்புக் கோடு

“டிகிரி வாங்குன புள்ளைக்குக் கையில கிரீஸ் ஒட்டுமாங்க?”

நான் பட்டறையில் சேர்ந்த முதல் நாள், கியர்பாக்ஸ் வேலை செய்யும் தேவராஜண்ணன் என் முன்னாலேயே முதலாளியிடம் கேட்ட கேள்வி இது. ஒட்டியது. ஒட்டியதைத் துடைத்து மறைக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவருடைய மணிக்கட்டு முறிந்ததற்குக் காரணம் நான். பழி அவர்மேல் விழும்படி அறிக்கை எழுதியவளும் நான்தான். பதினான்கு மாதங்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

என் அப்பா பொள்ளாச்சிக் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைப்பவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கோவையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே பெண் நான் ஒருத்திதான். கர்வம் இருந்தது. இப்போதும் இருக்கிறது... அதையும் ஒளிக்காமல் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான நட்டை முறுக்கி முடித்தவர், நட்டின்மேலும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பின்மேலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரே கோடு இழுக்க வேண்டும். பின்னால் நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கொரு நிறம். தேவராஜண்ணனுக்கு மஞ்சள். நான் என் சிவப்பு நகப்பூச்சையே எடுத்துக்கொண்டேன்.

“ஏனம்மணி, நட்டுக்கு என்ன கண்ணாலமா? மருதாணி வெக்கறே!” என்றார் அவர்.

“நீங்க மஞ்சப் பூசுறீங்க, நான் குங்குமம் வெக்கறனுங்கண்ணா.”

ஷெட்டே சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அவர் கையை முறித்த அந்தக் கார் ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவருடையது. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய வண்டி, எட்டு சிலிண்டர், கரும்பச்சை. நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்ப வேண்டும், நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தவும் கூடாது என்றார். பின் அச்சின் பற்சக்கர ஜோடியை மாற்றினால் கிளம்பும் வேகம் கூடும். மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை இறக்கிவிட்டு நான்கு கியர் உள்ளதை ஏற்றினால் நீண்ட ஓட்டத்தில் இன்ஜின் அடங்கும். கியர்பாக்ஸ் தேவராஜண்ணன் பொறுப்பு. பின் அச்சு என் பொறுப்பு. முதன்முறையாக... தனியாக.

சிறிய பற்சக்கரத்தின் தண்டில், இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய இரும்புக் குழல் இருக்கும். நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குகளை அளவான இறுக்கத்தில் நிறுத்தும். ஒரு முறை கூடுதலாக நசுங்கிவிட்டால் நட்டைத் திருப்பித் தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் நட்டுக்குப் பிடிப்பே இருக்காது. குழலை எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்!

பெட்டியில் இரண்டு குழல்கள் வந்திருந்தன. முதலாவதை அதிகமாக நசுக்கினேன். இரண்டாவதையும்.

இன்னொன்று கப்பலேறி வர வாரங்கள் ஆகும். ஆகட்டுமே! கார்க்காரர் காத்திருக்க மாட்டாரா? காத்திருந்திருப்பார். ஆனால் நான் முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டும். தேவராஜண்ணன் பக்கத்திலேயே நிற்பார். அந்த முதல் நாள் கேள்வியை அவர் மறுபடி கேட்கக்கூட வேண்டாம், புருவத்தைத் தூக்கினாலே போதும்...

நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். கையால் சுழற்றிப் பார்த்தேன். சரியான இறுக்கம் போலவே இருந்தது. சிவப்புக் கோடு இழுத்தேன்.

“முடிஞ்சுதா கண்ணு?” என்றார் முதலாளி.

“முடிஞ்சுதுங்க.”

ஓட்டிப் பார்க்கத் தேவராஜண்ணன்தான் எடுத்துப் போனார். காலையில் ஒரு சிறிய சுற்று. திரும்பி வந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “பின்னாடி சத்தமே இல்லை அம்மணி. சுத்தமான வேலை!”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்... நன்றி சொல்ல.

மதியம் பொள்ளாச்சி ரோட்டில் நீண்ட ஓட்டம். கிணத்துக்கடவுக்கு முன்னால் பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி சுழன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “என்ர பாக்ஸ்தான் பூட்டிக்கிச்சா அம்மணி?”

“கழட்டிப் பாக்கோணுங்கண்ணா” என்றேன்.

மறுநாள் நானே வண்டிக்கு அடியில் போனேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றியதும் தெரிந்தது. நட்டில் இருந்த சிவப்பும் இரும்பில் இருந்த சிவப்பும் ஒரு விரல் அகலம் விலகியிருந்தன. நட்டு தளர்ந்து, பற்சக்கரம் இடம் நகர்ந்து, பல் உடைந்து சிக்கியிருக்கிறது. தின்னர் நனைத்த துணியால் இரண்டையும் துடைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“கார்க்காரருக்கும் இன்சூரன்ஸுக்கும் இங்கிலீசுல ஒண்ணு எழுதோணும். இங்க நீதான் படிச்சவ” என்றார் முதலாளி.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஓடும்போது கியர்பாக்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு கியர்களைப் பிடித்துவிட்டது, அந்த அதிர்ச்சியில் பின் பற்சக்கரம் உடைந்தது என்று. நம்பும்படியாக இருந்தது. ஒரு பிழை இல்லை!

வண்டி ஓட்டியவர் என்பதால் அவரும் கையெழுத்திட வேண்டும்.

“என்ன எழுதியிருக்கறே?”

“நடந்ததைத்தாங்கண்ணா.”

“நீ எழுதுனாச் செரியாத்தான் இருக்கும்” என்று இடது கையால், கோணலாக, கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கையைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்பா அதைக் களத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். “எம்புள்ள எழுதுனதுங்க. அத்தனையும் இங்கிலீசு!”

தேவராஜண்ணனை நிறுத்திவிட்டார்கள். அவர் போட்ட பாக்ஸ் ஓடுகிற வண்டியில் பூட்டிக்கொண்டதாம் என்ற பேச்சு, ஊரில் அவர் ஏறி இறங்கிய பட்டறைகளுக்கெல்லாம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. எலும்பு கூடிவிட்டது. பெயர் கூடவில்லை. சத்தியமங்கலத்தில் ஒரு டயர் கடையில் காற்றுப் பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பட்டறையில் அவருடைய மேசையை எனக்குக் கொடுத்தார்கள். டிராயரில் பாதி உலர்ந்த மஞ்சள் பெயிண்ட் டப்பா இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து மூடினேன்.

போன வாரம், புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் அதே வேலையில் அதே குழலை அதிகமாக நசுக்கிவிட்டார். “போச்சு! இன்னொண்ணு சொல்லிவிடுங்க” என்று சிரித்தபடி குப்பையில் எறிந்தார். முதலாளியும் “செரி” என்றார். அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்கா நான் ஒரு மனிதரின் பிழைப்பைத் தின்றேன்?

ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் போனேன். ஒரு பைக்குக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். “வா வா அம்மணி, சாப்புட்டியா?” என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

வால்வு மூடியைத் திருகி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அந்தக் கோடு?”

“அழிச்சுப்போட்டேனுங்கண்ணா.”

“நானு ஒவ்வொரு நாளும் அந்தப் பாக்ஸை மனசுக்குள்ள கழட்டிக் கழட்டிப் பாத்துட்டு இருந்தேன். எந்தப் பிளேட்டுல தப்பு உட்டேன்னு...” கையைத் துணியில் துடைத்தார். “இதைக் காயிதத்துல எழுதிக் குடுத்துப்போட்டியா?”

“இன்னும் இல்லீங்கண்ணா.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றே?”

அடுத்த வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ? அந்த லேசுகூட எனக்குச் சேர வேண்டியதில்லை.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை தமிழில், அதே ஒன்றரைப் பக்கம். ஒன்று முதலாளியின் மேசையில் இருக்கிறது. இன்னொன்று பதிவுத் தபாலில் ஈரோட்டுக் கார்க்காரருக்குப் போகிறது. படமெடுத்து அப்பாவுக்கும் அனுப்பினேன். களத்தில் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள்... தமிழ்தானே, அங்கே பலருக்கும் தெரியும்.

மூன்றாவதைப் பட்டறைச் சுவரில், ஸ்பேனர்கள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கீழே என் பெயர், பட்டத்தோடு. பிறகு நகப்பூச்சை எடுத்து, காகிதத்தின்மேலும் சுவரின்மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன்.