ஏரிக்கரையில் லேஸ் கட்டியவர்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போனால் அவர் கண்ணில் படாமல் இருக்க மாட்டார். ஐம்பது வயதிருக்கும். பேன்ட் தொளதொளவென்று தொங்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதே சிமென்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். அதென்ன, நான் வரும்போதெல்லாம் சரியாக அவிழ்கிறது? தாலிச் செயினைத் துப்பட்டாவோடு சேர்த்து சேஃப்டி பின் குத்திக்கொண்டேன்.

ஒருநாள் அவரே லேஸை இழுத்து அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டேன். விடுவேனா?

“என்ன சார் நடக்குது இங்க?”

நிமிர்ந்து சிரித்தார். “முன்ன தொப்ப இம்மாம் பெருசும்மா. குனிஞ்சா மூச்சு முட்டும். என் பொண்ணுதான் லேஸ் கட்டி உடும். இப்ப நானே கட்டறேன். ஒரு ரவுண்டு நடந்தா ஒரு வாட்டி கட்டிக்கலாம். எனக்கு நானே குடுத்துக்கற பிரைசு.”

இதை யார் நம்புவது? “பிரைஸ்னா ஒரு மசால் தோசையாவது சாப்பிட மாட்டீங்களா?”

“துன்னா மறுபடி குனிய முடியாது. கட்டி உட பொண்ணு இங்க இல்லியே, கட்டிக் குடுத்துட்டேனே” என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் சந்தேகம்தான். செயினுக்கு சேஃப்டி பின் குத்தாமல் கிளம்புவதில்லை. ஆனால் செருப்பை விட்டுவிட்டு லேஸ் வைத்த ஷூ வாங்கியிருக்கிறேன். இப்போதைக்கு அதை வீட்டுக்காரர்தான் கட்டிவிடுகிறார்.